ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை

எனக்கு நடந்தது ஒரே ஒரு கல்யாணம்தான். அதற்கு இரண்டு பத்திரிகை அடித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் அடித்தது மஞ்சள் பத்திரிகை; மேலே பிள்ளையார், ஓரமெல்லாம் குங்குமக் கலரில் பூ. எங்கள் வீட்டார் அடித்தது வெள்ளைப் பத்திரிகை. மேலே சிலுவை, கீழே ஒரு வசனம். தேதியும் மாப்பிள்ளை பெயரும் மட்டும்தான் இரண்டிலும் ஒத்துப்போயின. மஞ்சள் பத்திரிகையின்படி முகூர்த்தம் விடியற்காலையில், கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலில். வெள்ளைப் பத்திரிகையின்படி விவாகம் முற்பகலில், எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் ஜெபக்கூடத்தில். அவர்கள் நைனார்பாளையத்தில் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். நாங்கள் தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் விவசாயம்தான், நிலம்தான் கம்மி. பேசி முடிக்கலாம் என்று உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். கடைசியில் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவர், ரெண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் தானே இரண்டு இடத்துக்கும் ஓட்டுகிறேன் என்றார். அதுதான் தீர்ப்பு. பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தும் டிரைவருக்குத்தான் அந்த யோசனை வந்தது.

மஞ்சள் பத்திரிகையில் என் பெயரையே மாற்றிவிட்டார்கள். என் பெயர் பைபிளில் இருந்து எடுத்தது. அதைக் குலதெய்வத்தின் முன்னால் எப்படிப் படிப்பது என்று மாமனாருக்குச் சங்கடம். அதனால் ஓர் அம்மன் பெயரை எனக்கு வைத்து அச்சடித்துவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெயரில் என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று விடியற்காலையில் அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தாலி கட்டினார். வேனில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தோம். முற்பகலில் போதகர் நீண்ட ஜெபம் செய்தார். முதல் தாலியை அவிழ்க்காமல், அதே மஞ்சள் கயிற்றில் சிலுவை போட்ட எங்கள் வீட்டுத் தாலியையும் கோர்த்துவிட்டார் என் அத்தை. இரண்டு பக்கத்தாரும் தாங்களே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் இருவரும் திரும்பி வரும்போது வேனில் தூங்கிவிட்டோம்.

நான் மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கச்சிராயபாளையத்தில் டூவீலர் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் என் ஸ்கூட்டி நின்றுவிட்டது. மேலிருந்து இறங்கிய பஸ்காரர் சொல்லி அனுப்ப, அவர் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த ஸ்கூட்டிக்கு வாரம் தவறாமல் ஏதாவது ஒரு கோளாறு வந்தது. நல்ல வண்டிக்கு ரிப்பேர் சொன்னது அவரா, நல்ல வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுபோனது நானா என்பது எங்களுக்குள் கடைசிவரை தீராத வழக்கு.

கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ரேஷன் கார்டில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. ஆதாரில் என் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருந்தது. மகள் பிறந்தபோது அவள் பிறப்புச் சான்றிதழில் அப்பா இவர், அம்மா இவர் என்று எழுதித் தந்தார்கள். ஊரே பார்க்க, அதுவும் இரண்டு ஊர் பார்க்க, கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். இதற்கு மேல் என்ன பதிவு என்றுதான் இருந்தோம்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிற இடுப்புவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் போட்ட மாத்திரையும், பார்க்காமலே விட்ட பிரஷரும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். கள்ளக்குறிச்சியில் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். கழுத்தில் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அவர் அதைத் தொட்டுக் காட்டி, பெட்ரோல் போட இனி மூடியைத் திறக்க வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஆனால் டயாலிசிஸ் முடிந்து வரும் ஒவ்வொரு நாளும் சாவி கொடுத்து முடிந்த பொம்மை மாதிரி கிடப்பார். இதயம் பலவீனமாக இருக்கிறது, இப்படியே நீண்ட நாள் தாங்காது, மாற்று சிறுநீரகம் வைத்தால்தான் வழி என்று ஒரு பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். மாமனார் உயிரோடு இல்லை. மாமியாருக்குச் சர்க்கரை, வயதும் ஆகிவிட்டது. அவருடைய அக்காவுக்கு ரத்தம் சேரவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். மிச்சம் நான்தான்.

என்னுடையது பொருந்தியது. எங்கள் கல்யாணத்துக்கு யாரும் பொருத்தம் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் அதில் நம்பிக்கை இருந்தாலும் பார்க்கப் பயம். இத்தனை வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், ஜோராகப் பொருந்தியது. அன்றைக்கு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். எனக்குள் இருக்கிற ஒன்றை எடுத்து அவருக்கு வைத்துவிட்டால் ஆயிற்று, அதற்கு நான் யார் காலிலும் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

உறுப்பு தானத்துக்கான காகித வேலைகளைப் பார்க்கிற பெண் அந்த மருத்துவமனையில் தனியாக இருந்தார். அரசாங்கக் குழுவுக்கு ஃபைல் போக வேண்டும், அனுமதி வந்தால்தான் கத்தி வைப்பார்கள் என்று விளக்கினார். எங்கள் ஆதார், ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாண போட்டோ எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டு, திருமணப் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். அது இல்லாமல் ஃபைல் நகராது என்றார். மனைவி என்று சொல்லிக்கொண்டு சிறுநீரகம் விற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம். நியாயமான பேச்சுக்குப் பதில் சொல்வது எனக்கு எப்போதுமே கஷ்டம்.

பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று எழுத மாட்டேன். ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர் ஒருவராவது இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது நான் ஆறியிருப்பேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் முதலில் கேட்டது கல்யாணப் பத்திரிகையைத்தான். நான் இரண்டையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எதுங்க உங்க கல்யாணம்?"

"ரெண்டும்தான் சார்."

"இடம் வேற, நேரம் வேற, பொண்ணு பேரே வேறயா கீது. ரெண்டையும் உள்ள காட்டுனா ரெண்டும் இல்லன்னு ஆயிடுங்க."

உள்ளே சார்பதிவாளர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். இந்துத் திருமணமாகப் பதிய முடியாது, ஏனென்றால் என் சாதிச் சான்றிதழில் கிறிஸ்தவர் என்று இருக்கிறது. தவிர அந்தக் கோயில் பங்காளிகள் சேர்ந்து கும்பிடுகிற கோயில். ரசீது புத்தகமோ ஆபீஸோ கிடையாது. பூசாரி வந்து சாட்சி சொல்லலாம் என்றால் அவர் செத்தே ரொம்ப நாளாயிற்று. சர்ச்சில் நடந்தது என்று பதியலாமா என்றால், அங்கே திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், நடத்தி வைத்தவருக்கு அதற்கான உரிமமும் இருக்க வேண்டும். போய்ப் போதகரைப் பாருங்கள் என்றார்.

போதகர் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சின்ன வயதில் அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். நடந்ததையெல்லாம் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"மாப்ள ஞானஸ்நானம் எடுக்கலயேம்மா. நான் அன்னிக்கு ஜெபம்தான் பண்ணேன். விவாகம் பண்ணி வெக்கல."

அத்தனை வருஷமாக என் அம்மா வெள்ளைப் பத்திரிகையை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அதில் விவாகம் என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஒரு வரி எழுதிக் கொடுங்கள், ஒரு உயிர் விஷயம் என்று கெஞ்சினேன். அவர் கண் கலங்கி, எழுதிக் கொடுத்தாலும் உரிமம் இல்லாத தன் கையெழுத்து எங்கும் செல்லாது என்றார். அதுவும் உண்மைதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு தடவை கல்யாணம் நடந்தும் ஒரு தடவைகூடக் கல்யாணம் ஆகாதவள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடந்து முடிந்த கல்யாணமாக எந்தச் சட்டத்தில் பதிந்தாலும் நடந்ததற்கு அத்தாட்சி வேண்டும். மிச்சமிருந்த ஒரே வழியைச் சார்பதிவாளர்தான் சொன்னார். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் இப்போது புதிதாகப் பண்ணிக்கொள்கிற மாதிரி விண்ணப்பம் போடுங்கள். மதம் எதுவானாலும் பரவாயில்லை, பத்திரிகை வேண்டாம், கோயில் வேண்டாம். ஆனால் இன்னார் இன்னாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று பலகையில் அறிவிப்பு ஒட்டி முப்பது நாள் வைப்போம். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் இரண்டு பேரும் சாட்சிகளோடு வந்து கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம். அந்த முப்பது நாளைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். கலெக்டரே வந்தாலும் முடியாது என்றார்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பத்தில் இப்போதைய நிலை என்று ஒரு கட்டம். அதில் கல்யாணம் ஆகாதவர் என்று இரண்டு பேரும் எழுத வேண்டும். ஆனவர் என்று எழுதினால் விண்ணப்பமே நிற்காது. நான் பேனாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் வீங்கின விரல்களால் பேனாவைப் பிடித்து எழுதிவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னா டீச்சர் யோசிக்கிறே? நானே பேச்சலர்னு எழுதிட்டேன். இஷ்டம் இருந்தா கட்டிக்க, இல்லாட்டி வுட்டுடு."

நானும் எழுதினேன். என் கழுத்தில் ஒரே கயிற்றில் இரண்டு தாலி கிடக்க, கல்யாணம் ஆகாதவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார்பதிவாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி முத்திரை குத்தினார்.

அறிவிப்பு ஒட்டினார்கள். நிலப் பத்திர அறிவிப்புகளுக்கு நடுவே எங்கள் இரண்டு பேர் போட்டோவும், ஜெராக்ஸில் முகம் கறுத்துப் போய். அவருடைய நிரந்தர முகவரி நைனார்பாளையம் என்றே ஆதாரில் இருந்ததால், அந்தப் பகுதி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போனது. இனிமேல் நாளைத் தள்ளுவதுதான் வேலை. நான் காலையில் பஸ் ஏறி மலைக்குப் போவேன், வகுப்பில் பின்னக் கணக்கு போடுவேன், சாயங்காலம் இறங்கி வந்து அவர் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பேன். அழுத்தின இடத்தில் குழி விழுந்து மெதுவாக மேலே வரும். அது மேலே வர ஆகிற நேரம் வரவர அதிகமாகிக்கொண்டே போனது. எங்களோடு இருக்கிற மாமியார் பக்கத்தில் வருவார். குழி நிரம்புகிறவரை அவரும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முப்பது நாளும் முடியப்போகிற சமயம். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சார்பதிவாளர் போன் செய்தார். ஆட்சேபணை வந்திருக்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை. யார் என்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா என்றார். என்ன சொல்லியிருக்கிறார் என்றேன். மனுவை அப்படியே படித்துக் காட்டினார்: மேற்படி நபருக்கு ஏற்கெனவே திருமணமாகி மனைவியும் ஒரு மகளும் உயிரோடு இருக்கிறார்கள், அதை மறைத்து அவர் வேறொரு பெண்ணைத் திருமணம் செய்ய முயல்கிறார், அதைத் தடுத்து நிறுத்தி அந்த அப்பாவி மனைவியின் வாழ்வைக் காப்பாற்ற வேண்டும். அத்தாட்சியாக முதல் திருமணப் பத்திரிகை இணைக்கப்பட்டிருந்தது. மஞ்சள் பத்திரிகை.

நான் முதலில் சிரித்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்தப் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, தன் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க நைனார்பாளையம் பகுதி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். பலகையில் தம்பி மகன் பெயர், தம்பி பெயர், ஊர் எல்லாம் சரியாக இருக்கிறது. பெண் பெயர் மட்டும் ஏதோ வேதக்காரப் பெயர். போட்டோவில் முகம் தெரியவில்லை. இத்தனை வருஷமாக என்னை மருமவளே என்று கூப்பிட்டவருக்கு என் பெயர் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சள் பத்திரிகையில் இருந்த அம்மன் பெயர்தான். உடம்பு முடியாமல் கிடக்கிறவனை எவளோ வளைத்துப் போட்டுச் சொத்தை எழுதி வாங்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். அவனிடம் கேட்டால் மழுப்புவான், என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன். அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல், வீட்டுக்கு வந்து, நிலப் பத்திரங்களோடு வைத்திருந்த பத்திரிகையைத் தேடி எடுத்து, வக்கீலைப் பிடித்து, மனு கொடுத்துவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு அத்தாட்சி ஆகாது என்று தள்ளிவிட்ட அதே பத்திரிகை, எங்கள் கல்யாணத்தைத் தடுக்க அத்தாட்சி ஆகிவிட்டது.

அந்த மனைவி நான்தான் என்று சார்பதிவாளரிடம் சொன்னேன். அவர் தணிந்த குரலில் பதில் சொன்னார்.

"எனக்குத் தெரியுதுங்க. ஆனா அதை எழுத்துல சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா கல்யாணம் ஆகலன்னு நீங்க எழுதிக் கொடுத்தது பொய்னு ஆயிடும்."

நான் மனைவி என்றால் மனைவியாக முடியாது. மனைவி இல்லை என்றால் இந்த மனுவில் இருக்கிற மனைவி யார் என்று விசாரிப்பார்கள். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் இருந்து போட்டாலும் விடை வரவில்லை.

அன்று சாயங்காலமே பெரிய மாமாவை வரச் சொன்னோம். விஷயம் தெரிந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குலுங்கினார்.

"உன் வாழ்க்க போயிடக் கூடாதேன்னுதான் ஓடுனேன் மருமவளே. உன்னைக் காப்பாத்தணும்னு நெனச்சிக்கினு இப்பிடிப் பண்ணிட்டேனே."

அவரை என்னால் திட்ட முடியவில்லை. எனக்காக வெயிலில் வக்கீல் வீட்டு வாசலில் நின்ற மனுஷரை எப்படித் திட்டுவது. கட்டிலில் படுத்திருந்தவர்தான் பேசினார். ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கொள்கிற தெம்பு தனக்கு இருக்கிறது என்று பெரியப்பா ஒருத்தராவது நம்பினாரே, அதுவே போதும் என்றார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய மாமாவுக்குக் காப்பி வைக்க எழுந்து போனார்.

மனுவை வாபஸ் வாங்குவதாகப் பெரிய மாமா மறுநாளே எழுதிக் கொடுத்தார். ஆள் மாறாட்டத்தில் தவறாகக் கொடுத்துவிட்டேன் என்று வக்கீல் பக்குவமாக எழுதினார். ஆனாலும் விசாரித்து உத்தரவு போட்டுத்தான் முடிக்க வேண்டுமாம். விசாரணைக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். அதற்குள் அந்தச் சார்பதிவாளருக்கு மாறுதல் வந்துவிட்டது. போகும்போது எனக்குப் போன் செய்து, வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். வந்தவர் பொறுப்பு அதிகாரி. வேறொரு அலுவலகத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர், அதனால் எல்லா நாளும் வர மாட்டார். அவர் வருகிற நாளில் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். இவர் வர முடிகிற நாளில் அவர் அங்கே. ஒரு நாள் இரண்டும் சேர்ந்து வந்தது. அன்று காலையிலிருந்தே சர்வர் வேலை செய்யவில்லை. பெஞ்சில் உட்கார முடியாமல் இவர் ஆட்டோவிலேயே படுத்திருந்தார். ஆட்டோக்காரர் வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, என் வீட்டுக்காரர் வெளியே செத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைப் பெண்ணுக்குப் போன் செய்து, மகளின் பிறப்புச் சான்றிதழை வைத்து ஏதாவது பண்ண முடியுமா என்று மறுபடி கேட்டேன். அது குழந்தை பிறந்ததற்குத்தான் அத்தாட்சி என்றார். 

கடைசியில் அந்த அதிகாரியும் வாபஸ் கடிதத்தை ஏற்று உத்தரவு போட்டார். அடுத்த வியாழக்கிழமை சாட்சிகளோடு வாருங்கள், கையெழுத்துப் போட்டதும் சான்றிதழ் கையில் கிடைக்கும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். முகூர்த்தப் புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும், சும்மா வந்தால் தாலி கட்ட மாட்டேன் என்றார். நான் பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்துப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக ஜரிகை கறுத்திருந்தது. வெயிலில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று மாடிக்கொடியில் போட்டேன்.

திங்கட்கிழமை குளிர்க் காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கள்ளக்குறிச்சியில் சேர்த்தோம். ஊசி எதற்கும் காய்ச்சல் இறங்கவில்லை. இதயம் ஒத்துழைக்கவில்லை, இனி எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். கூட்டிவந்தோம். புதன்கிழமை மத்தியானம், ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டில், மகள் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருக்கும்போது போய்விட்டார். என் உடம்புக்குள் அவருக்கான ஒன்று கெடாமல் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க என்னை விடவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே கை தானாகப் போய்விடுகிறது, இன்றைக்கும்.

காரியத்துக்கு இரண்டு வீட்டாரும் வந்தார்கள். கயிற்றைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கத்துத் தாலியை யார் எடுப்பது, எங்கள் பக்கத்துத் தாலியை யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. கோர்க்கும்போது அத்தனை சண்டை போட்டவர்கள், கழற்றும்போது ஒரே மனதாக இருந்தார்கள். பெரிய மாமா அந்தப் பக்கமே வராமல் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் பேரூராட்சி அலுவலகத்துக்கு நானே போனேன். பழக்க தோஷத்தில் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் பத்திரிகை, வெள்ளைப் பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு, விசாரணை உத்தரவு எல்லாம் அதற்குள்தான். எழுத்தர் வயதான மனிதர். இறந்தவருடைய ஆதாரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினார். அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். அம்மா பெயர் கேட்டார், சொன்னேன்.

"மனைவி பேருங்க?"

என் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பையைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் இன்னாத்துக்குங்க? நீங்க சொன்னாப் போதும்."

தட்டினார். பிரிண்டரில் இருந்து காகிதம் சூடாக வந்தது. அவர் பெயர், இறந்த தேதி, இறந்த இடம். அதற்குக் கீழே கணவர் அல்லது மனைவியின் பெயர் என்று ஒரு வரி, அதற்கு எதிரே என் பெயர். முத்திரை குத்தி நீட்டினார்.

"பேருல கீருல தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் திருத்துறது கஷ்டம்."

நின்று படித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.